என் பெயரில் எழுதும் தாளை எனக்கும் காட்டுங்கள்

ஐ.டி. நிறுவனங்களின் இமிக்ரேஷன் பிரிவுகளில் வேலை செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். உங்களில் யாரையும் நான் நேரில் பார்த்ததில்லை. பதினோரு வருஷமாக ஓஎம்ஆரில் வேலை செய்கிறேன்; உங்களை டிக்கெட் நம்பர் வழியாகத்தான் தெரியும். மெயில் போட்டால் மெயிலில் பதில் வரும். "உங்கள் கேஸ் பரிசீலனையில் உள்ளது." அதற்கு மேல் ஒரு வரி வந்து நான் பார்த்ததில்லை.

இந்த மடலை எழுத வைத்தது ஒரு சின்ன 'இல்லை'.

போன வாரம் எங்கள் டீமில் இருக்கும் பெண் ஒருவர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் சீட்டுக்கு வந்தார். நிறுவனம் தன் ஆளைத் தன் அமெரிக்கக் கிளைக்கு மாற்றி அனுப்பும் எல்-1ஏ விசாவுக்காக, அவர் பெயரில் டிஎஸ்-160 என்ற அமெரிக்க விசா விண்ணப்பப் படிவத்தை உங்களுக்காக வேலை செய்யும் வெளி ஏஜென்சி நிரப்பி அனுப்பியிருந்தது. "இன்று மாலை 5 மணிக்குள் சரிபார்த்து ஒப்புதல் தரவும்." அப்பா பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது, அதைக் காட்டத்தான் வந்தார். நான் சும்மா பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனேன். 'இதற்கு முன் உங்களுக்கு அமெரிக்க விசா மறுக்கப்பட்டதுண்டா?' என்ற கேள்விக்கு எதிரே 'இல்லை' என்று இருந்தது.

2023-ல் அவர் எச்-1பி (பட்டம் தேவைப்படும் வேலைக்கான அமெரிக்க விசா) ஸ்டாம்பிங்குக்கு, அதாவது தூதரக நேர்காணலுக்குப் போய் மறுக்கப்பட்டு வந்தவர். அந்த மனுவைப் போட்டதும் உங்கள் பிரிவுதான்.

"இத பார்த்தியாம்மா?" என்றேன். "அவங்ககிட்ட கேட்டேண்ணா. எனக்குக் குடுத்தது 221(ஜி) பேப்பர்தானாம். அது ரிஜெக்‌ஷன் இல்ல, பெண்டிங்னுதான் அர்த்தம், நோ போட்டா போதும்னு சொல்லிட்டாங்க."

இதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்ததைவிட, பழைய ஞாபகம் வந்ததுதான் அதிகம். அதனால் முதலில் என் கதை.

2022 நவம்பர். எனக்கு எல்-1பி, அதாவது சிறப்பறிவு உள்ளவர்களுக்கான எல்-1 போட்டீர்கள், பிளாங்கெட்டில். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். சாதாரணமாக ஒருவருக்கு எல்-1 வேண்டுமென்றால் நிறுவனம் முதலில் அமெரிக்கக் குடியேற்றத் துறையிடம் மனு போட வேண்டும். அங்கே ஒரு அதிகாரி உட்கார்ந்து படிப்பார், சந்தேகம் இருந்தால் கூடுதல் ஆதாரம் கேட்பார். பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. நிறுவனத்துக்கு மொத்தமாக ஒரே ஒப்புதலை வாங்கி வைத்துக்கொள்ளலாம், அதுதான் பிளாங்கெட். அப்புறம் ஆளாளுக்குத் தகுதி இருக்கிறதா என்பதைத் தூதரகக் கவுன்டரிலேயே பார்த்துக்கொள்வார்கள். மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை, நிறுவனத்துக்கு வசதி. ஆனால் இதில் ஒரு கொக்கி இருக்கிறது. கவுன்டரில் இருப்பவருக்கு ஆளின் தகுதி பளிச்சென்று தெரிந்தாக வேண்டும். தெரியவில்லையென்றால் அவர் மறுத்துவிட வேண்டும் என்பதுதான் விதி. உட்கார்ந்து ஆராய அவருக்கு நேரமும் கிடையாது, கடமையும் கிடையாது.

ஆக, பிளாங்கெட்டில் போகிறவனுக்கு அந்த மூன்று நான்கு நிமிஷம்தான் எல்லாமே. அந்த நிமிஷங்களுக்கு என்னை எப்படித் தயார் செய்தீர்கள் என்பது உங்களுக்கு நினைவிருக்காது. மாதத்துக்கு எத்தனையோ பேர். எனக்கு நினைவிருக்கிறது. போனில் நாற்பது நிமிஷம் மாக் இன்டர்வியூ. எந்தக் கேள்வி வந்தாலும் பதிலில் 'ப்ரொப்ரைட்டரி' (நிறுவனத்துக்கே சொந்தமானது) என்ற சொல் வர வேண்டும் என்று சொல்லித் தந்தார் ஒருவர். நான் இரண்டு முறை மறந்துவிட்டேன். "சார், அந்த வேர்டு இல்லன்னா விசா இல்ல" என்றார். தமாஷாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

நேர்காணலுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஃபைல் வந்தது. பிளாங்கெட்டுக்கான ஐ-129எஸ் படிவம், நிறுவனத்தின் கடிதம், இணைப்புகள், எல்லாம் மூன்று செட். கிளிப் போட்டு, வண்ணத்தாள் பிரிப்பு வைத்து, ரொம்ப அழகாக இருந்தது. "குலைத்துவிடாதீர்கள், வரிசை மாறினால் பிரச்சினை" என்று ஒரு குறிப்பு. நான் குலைக்கவில்லை. கல்யாணப் பத்திரிகை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை எடுத்து மஞ்சள் ஹைலைட்டரால் ஒரு கோடு போட்டுவிட்டுக் கேட்டார்.

"இந்த டூல் உங்கள் கம்பெனியில் எத்தனை பேருக்குத் தெரியும்?"

"எங்கள் கிளையன்ட் அக்கவுன்ட்டில் ஒரு நாற்பது பேருக்கு."

"புதிதாக ஒருவர் வந்தால் கற்றுக்கொள்ள எவ்வளவு நாளாகும்?"

"மூன்று வாரம் ட்ரெய்னிங். அப்புறம் ஒரு மாதம் கூட உட்கார்ந்து பார்த்தால் வந்துவிடும்."

அவர் கோடு போட்ட இடத்தில் விரலை வைத்தார். "இங்கே பதினெட்டு மாதம் என்று எழுதியிருக்கிறதே?"

அந்தப் பதினெட்டு மாதத்தை நான் அப்போதுதான் முதல் முறையாகக் கேள்விப்படுகிறேன்.

ஏதோ உளறினேன். 'ப்ரொப்ரைட்டரி' என்றும் சொன்னேன், அதுவும் தப்பான இடத்தில். ஒரு தாளைத் தந்து அனுப்பினார். தாளில் ஒரு சட்டப் பிரிவின் எண் இருந்தது. பதினெட்டு மாதம், மூன்று வாரம் என்ற பேச்சே இல்லை. வெளியே வந்து மணி பார்த்தேன், உள்ளே அழைத்ததிலிருந்து ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்கவில்லை. பிளாங்கெட் எல் மனுவுக்கு விசா கட்டணத்தோடு மோசடித் தடுப்புக் கட்டணம் என்று 500 டாலர் தனியாகக் கட்ட வேண்டும். அது உங்கள் கணக்கில் போனது. என் கணக்கில் ஏறியது மறுப்பு.

அந்த அதிகாரி மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஒரு தாள் பதினெட்டு மாதம் என்கிறது, தாளில் பெயர் இருக்கிற ஆள் மூன்று வாரம் என்கிறான். எல்-1பிக்கு வேண்டியது அந்த நிறுவனத்தின் பொருளைப் பற்றியோ வேலைமுறையைப் பற்றியோ மற்றவர்களுக்கு இல்லாத சிறப்பறிவு. மூன்று வாரத்தில் வருவது எப்படிச் சிறப்பறிவாகும்?

எனக்கு உங்கள் மேல்தான் வருத்தம். பதினெட்டு மாதம் எங்கிருந்து வந்தது என்று பிறகு விசாரித்தேன். யாரும் பொய் சொல்ல நினைக்கவில்லை. அதற்கு முந்தின வருஷம் வேறு ஒரு அக்கவுன்ட்டில் வேறு ஒரு டூலுக்காக ஒருவருக்கு எழுதிய கடிதத்தை எடுத்து, பெயரையும் டூல் பெயரையும் மாற்றியிருக்கிறீர்கள். அந்த டூலுக்குப் பதினெட்டு மாதம் உண்மையாகவே தேவைப்பட்டிருக்கும். என்னிடம் ஒரு முறை காட்டியிருந்தால் அந்த வரியை நானே அடித்திருப்பேன். எங்கள் கிளையன்ட்டின் க்ளெய்ம் விதிகளை அந்த டூலுக்குள் எழுதி வைத்தவர்கள் மொத்தம் மூன்று பேர், அதில் நான் ஒருவன். அதுதான் என்னிடம் இருந்த சிறப்பறிவு. கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வீட்டில் நடந்ததை விரித்துச் சொல்ல விருப்பமில்லை. அம்மா பழவந்தாங்கல் விசா பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்டிருந்தார். "அவர்கிட்ட நான்தான் லேட்டா சொல்லிட்டேன் போல" என்று பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார். பெண் பார்க்க வந்தவர்கள் "ஏன் ரிஜெக்ட் ஆச்சு?" என்று கேட்டார்கள், ஏதோ நான் போலீஸ் கேஸில் மாட்டியவன் மாதிரி. ஆன்சைட் போகிறவன் என்று ப்ராஜெக்ட்டிலிருந்து விடுவித்துவிட்டதால் இரண்டு மாதம் ப்ராஜெக்ட் இல்லாமல் பெஞ்ச்.

விசா மறுப்புக்கு மேல்முறையீடு கிடையாது. தூதரக அதிகாரியின் முடிவை அமெரிக்க நீதிமன்றங்களும் தொடுவதில்லை. 2024 ஜூனில் ஒரு வழக்கில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றமே அதைத் திரும்பவும் உறுதி செய்தது. மறுபடி விண்ணப்பிக்கலாம், அவ்வளவுதான். பிளாங்கெட்டில் மறுத்தால், அதே எல்-1பிக்கு முறைப்படி தனி மனு போட நிறுவனத்துக்கு வழி உண்டு. ஆனால் அந்த மனுவில் முன்பு எந்தத் தூதரகம், எந்த நாளில், என்ன காரணத்துக்காக மறுத்தது என்று எழுதியாக வேண்டும். "ஆபீசர் என்ன ரீசன் சொன்னார்?" என்று எனக்கு மெயில் வந்தது. பதினெட்டு மாதக் கதையை எழுதி அனுப்பினேன். அதற்குப் பிறகு எல்-1பி பற்றிப் பேச்சே இல்லை. "உங்களை எச்-1பிக்கு நாமினேட் செய்கிறோம்" என்று இரண்டு மாதம் கழித்து ஒரு மெயில்.

2023 மார்ச் எச்-1பி லாட்டரி நினைவிருக்கிறதா? 85,000 இடத்துக்கு 7,80,884 பதிவுகள். தகுதியானவை என்று எடுத்துக்கொண்டதில் பாதிக்கு மேல், ஒரே ஆளுக்குப் பல நிறுவனங்கள் போட்டவை. பதிவுக்கு அப்போது 10 டாலர்தான். டீ பார்ட்டி செலவைவிடக் குறைவு, யார் விடுவார்கள்? (அடுத்த வருஷமே ஆள் கணக்கில் குலுக்க ஆரம்பித்தார்கள், 2025-ல் கட்டணம் 215 டாலர் ஆனது.) முதல் சுற்றில் எனக்கு வரவில்லை. ஜூலைக் கடைசியில் இரண்டாவது சுற்று என்று அறிவித்தார்கள், அதில் வந்தது.

எச்-1பி மனுவை எழுதும்போதுதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. எல்-1பி கடிதத்தில் நான் எங்கள் நிறுவனத்துக்குள் மட்டுமே விளைகிற அபூர்வப் பயிர்; வெளியே தேடினால் கிடைக்கமாட்டேன். எச்-1பி கேட்பது வேறு: இந்த வேலைக்கு இன்ன துறையில் பட்டம் வேண்டும், அந்தப் பட்டம் என்னிடம் இருக்கிறது, அந்த ஊரில் இந்த வேலைக்கு என்ன சம்பளமோ அதைக் கொடுப்பார்கள். அபூர்வம் எதுவும் தேவையில்லை. இரண்டு தாளிலும் இருப்பது நான்தான். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். ஆனால் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கிற ஒருவர் இருக்கிறார். அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார். முதல் நேர்காணலின் குறிப்புகள் அவர் திரையில் வரும். அருகருகே வைத்துப் பார்க்க முடியாத ஒரே ஆள் நான்.

பழைய மனுவின் நகல் கேட்டேன். "கம்பெனி கான்ஃபிடென்ஷியல்" என்று பதில் வந்தது. மறுபடி கேட்டேன், டிக்கெட்டை மூடிவிட்டீர்கள். மூன்றாவது முறை என் மேனேஜர் அவருடைய மேனேஜரிடம் பேசி, அவர் யாரிடமோ பேசி, ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு ஸ்கேன் வந்தது. பெயரும் ஊரும் சொல்ல மாட்டேன், அந்தப் புண்ணியவானுக்கு என் நன்றி.

இரண்டையும் பிரின்ட் எடுத்துத் தரையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். எல்-1பி கடிதத்தில் நான் அந்த அக்கவுன்ட்டில் 2017 முதல் இருக்கிறேன். எச்-1பி வரைவில் 2018. முன்னதில் என்னுடைய பதவி 'ஸ்பெஷலிஸ்ட்', பின்னதில் 'அனலிஸ்ட்'. முன்னதில் ஆறு பேருக்கு வழிகாட்டுகிறேன், பின்னதில் யாருமே இல்லை. 2018 தான் சரி. பதவி இரண்டுமே தப்பு. வழிகாட்டியது மூன்று பேருக்கு. சிவப்புப் பேனாவில் குறித்து, படம் எடுத்து அனுப்பினேன். வரைவைத் திருத்தினீர்கள். அதற்கு நன்றி, உண்மையாகவே சொல்கிறேன்.

2024 ஜனவரியில் மறுபடி அதே மாதிரி ஒரு கண்ணாடி, வேறு அதிகாரி. இரண்டாவது கேள்வியே அதுதான்: "2022-ல் ஏன் மறுத்தார்கள்?"

"கம்பெனியின் கடிதத்தில் பயிற்சிக்குப் பதினெட்டு மாதம் என்று இருந்தது. நான் மூன்று வாரம் என்றேன். அந்தக் கடிதத்தை அன்றைக்கு நான் படித்திருக்கவில்லை. இந்த மனுவைப் படித்துவிட்டு வந்திருக்கிறேன்."

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார், கொஞ்ச நேரம் டைப் அடித்தார், வேலை என்ன, என்ன படித்தீர்கள் என்று கேட்டார், பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார். பதினான்கு மாதம் டாலஸில் இருந்தேன். ப்ராஜெக்ட் முடிந்தது, வந்துவிட்டேன். இனி உங்களிடம் எனக்குக் கேட்டுப்பெற எதுவும் இல்லை என்பதால்தான் இவ்வளவு தைரியமாக எழுதுகிறேன் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

சரி, இப்போது அந்தப் பெண்ணின் விஷயத்துக்கு வருகிறேன்.

காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று எங்களுக்கும் தெரிகிறது. 2025 செப்டம்பர் 21 முதல், வெளிநாட்டில் இருக்கிற ஒருவருக்காகப் புதிதாக எச்-1பி மனு போட்டால் ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று அமெரிக்க அதிபரின் பிரகடனம். எல்-1க்கு அந்தக் கட்டணம் இல்லை. லாட்டரியும் இல்லை, வருஷத்துக்கு இத்தனைதான் என்ற உச்சவரம்பும் இல்லை, அந்த ஊர்ச் சம்பளம் கொடுத்தாக வேண்டும் என்ற எச்-1பி நிபந்தனையும் இல்லை. முன்பு எல்-1 மறுக்கப்பட்டவர்களை எச்-1பிக்குத் தள்ளினீர்கள். இப்போது எச்-1பி மறுக்கப்பட்டவர்களை எல்-1க்குத் தள்ளுகிறீர்கள். பழைய எக்செலை எடுத்து ஃபில்டர் போட்டிருப்பீர்கள். தப்பு சொல்லவில்லை, உங்கள் வேலை அது. ஒரு விசா மறுத்தால் வேறு விசா கேட்கக்கூடாது என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்கும் ஆசை இருக்கிறது. எச்-1பியில் போனால் கணவருக்கு வேலை அனுமதி கிடைக்க கிரீன் கார்டுப் படிகள் சில தாண்ட வேண்டும். எல்-1இல் போனால் கணவர் அந்த அந்தஸ்தைக் கொண்டே வேலை செய்யலாம், 2021 நவம்பர் முதல் அதற்குத் தனி அனுமதி அட்டைகூட வேண்டியதில்லை. அவர் வீட்டில் இதுதான் இப்போது பேச்சு.

ஆனால் நீங்கள் அவருக்குப் போட்டிருப்பது எல்-1ஏ. அது மேனேஜர்களுக்கும் எக்ஸிக்யூட்டிவ்களுக்கும் உரிய விசா. அவர் டெஸ்ட் லீட். நான்கு பேர் அவருக்குக் கீழே. இரண்டு மாதத்துக்கு முன் சிஸ்டத்தில் அவருடைய பதவி 'மேனேஜர்' என்று மாறியது. சம்பளம் மாறவில்லை, சீட் மாறவில்லை, டீ வாங்கப் போகும் முறையும் மாறவில்லை. நான் அவரிடம் கேட்டுப் பார்த்தேன், கவுன்டரில் கேட்பது மாதிரியே.

"உங்க டீம்ல ஒருத்தர வேலைய விட்டு எடுக்கணும்னா யார் முடிவு?"

"டெலிவரி ஹெட்."

"ஆள் எடுக்கறது?"

"பேனல்ல இருப்பேன். முடிவு நான் இல்ல."

"லீவு அப்ரூவ் பண்றது?"

சிரித்துவிட்டார். "அது கூட எனக்கு வராதுண்ணா. அவருக்குத்தான் போகும்."

சட்டம் என்ன சொல்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆள் எடுக்கவும் நீக்கவும் அதிகாரமோ, அதற்குப் பரிந்துரைக்கும் அதிகாரமோ வேண்டும். முதல் படி மேற்பார்வை மட்டும் என்றால், கீழே இருப்பவர்கள் பட்டம் தேவைப்படும் தொழில்முறை வேலை செய்பவர்களாக இருக்க வேண்டும். அவருடைய நான்கு பேரும் எஞ்சினியர்கள். ஆக அவருக்கு ஒரு வாதம் இருக்கிறது. மதிப்பீடு எழுதுவது, ப்ரமோஷனுக்குப் பரிந்துரைப்பது எல்லாம் அவர் செய்கிறார். அதையெல்லாம் கடிதத்தில் எழுதினீர்களா? அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. கடிதம் உங்களிடம் இருக்கிறது. 2023-ல் எச்-1பி மனுவில் அவரை எப்படி வர்ணித்தீர்கள்? அதுவும் உங்களிடம்தான் இருக்கிறது. கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து டெஸ்ட் எழுதுகிற அனலிஸ்ட் என்று அதில் இருந்து, இப்போது டெஸ்ட் எழுதுவதே இல்லை, மேய்ப்பதுதான் வேலை என்று இதில் இருந்தால், நடுவில் என்ன நடந்தது என்பதற்கு இந்தக் காகிதங்களில் எங்காவது ஒரு பதில் இருக்க வேண்டும். இரண்டு வருஷத்தில் ஒருவர் வளர்ந்திருக்கலாம். அப்படியென்றால் அந்த வளர்ச்சியைத் தேதியோடு எழுதுங்கள்.

இன்னொன்று: அவர் போய் உட்காரப் போவது கிளையன்ட்டின் ஆபீஸில். ஆளைக் கிளையன்ட் இடத்தில் உட்கார வைப்பதைக் கட்டுப்படுத்த 2004-ல் வந்த எல்-1 சீர்திருத்தச் சட்டம் எல்-1பியைத்தான் குறிவைக்கிறது என்பது சரி. ஆனாலும் வேறொரு கம்பெனியின் ஆபீஸில், வேறொரு கம்பெனியின் மேனேஜருக்குக் கீழே, இவர் யாருக்கு மேனேஜர் என்று கேட்டால் என்ன சொல்வார்? அதற்கும் ஒரு பத்தி கடிதத்தில் வேண்டும்.

இதெல்லாம் வாதத்துக்கு இடமுள்ள விஷயங்கள். அந்த 'இல்லை' அப்படிப்பட்டதில்லை.

221(ஜி) தாள் மறுப்புதான். கேட்ட ஆவணம் கொடுத்தால் பிறகு விசா கிடைக்கலாம் என்பதால் நம் ஊரில் எல்லாரும் அதைப் 'பெண்டிங்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். சட்டத்தின் கணக்கில் அன்றைக்கு நடந்தது மறுப்பு. தூதரக வலைத்தளத்தில் கேஸ் நம்பர் போட்டுப் பார்த்தால் அதன் நிலைமை அப்படித்தான் காட்டும். அவர் விஷயத்தில் ஆவணமும் கேட்கவில்லை. கிளையன்ட் லெட்டர் பழையது என்று மனுவையே அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதை மறைத்து 'இல்லை' என்று போட்டால், தெரிந்தே பொய்த் தகவல் கொடுத்தார் என்று ஓர் அதிகாரி முடிவு செய்யலாம். அப்படி முடிவு செய்தால் அதற்குப் பெயர் மறுப்பு இல்லை; வாழ்நாள் தடை. விலக்கு கேட்டு விண்ணப்பிக்கலாம், ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். 'ஆம்' என்று போட்டிருந்தால்? கீழே ஒரு பெட்டி திறக்கும். எந்த வருஷம், என்ன விசா, என்ன ஆயிற்று என்று இரண்டு வரி எழுதலாம். அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் எழுதப் போகிறோம். 'ஆம்' என்ற ஒரே காரணத்துக்காக விசா போய்விடாது.

அதே படிவத்தின் கடைசியில், 'இதை நிரப்ப யாராவது உதவினார்களா?' என்று ஒரு கேள்வி உண்டு. அதற்கும் உங்கள் ஏஜென்சி 'இல்லை' என்று போட்டிருக்கிறது. நிரப்பியது அவர்கள், உதவியவர் யாருமில்லை என்கிறது படிவம், கையெழுத்து பட்டனை அழுத்த வேண்டியது அந்தப் பெண். யார் நிரப்பினாலும் விண்ணப்பதாரர்தான் அந்த பட்டனை அழுத்த வேண்டும் என்பது விதி. நாளைக்கு ஒரு கேள்வி வந்தால் ஏஜென்சியின் பெயர் எங்கேயும் இருக்காது.

இதில்தான் உங்களுக்கும் எங்களுக்கும் உள்ள வித்தியாசம். ஒரு கேஸ் போனால் உங்கள் டாஷ்போர்டில் ஒரு சதவீதம் குறையும், அடுத்த காலாண்டில் சரியாகிவிடும். எங்களுக்கு அது கூடவே வரும். கனடா படிவமும் இங்கிலாந்து படிவமும் வேறு எந்த நாடாவது மறுத்ததுண்டா என்று கேட்கின்றன. டாலஸிலிருந்து வந்த பிறகு ஒரு வாரம் லண்டன் மீட்டிங்குக்கு விண்ணப்பித்தேன். அதிலும் 2022-ஐ எழுதினேன். அறுபது வயதில் பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும்போதும் எழுதுவேன்.

நான் கேட்பது அதிகம் இல்லை. என் பெயரில் தயாரிக்கும் மனுவை அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டுங்கள். முந்தின நாள் சாயங்காலம் கிளிப் போட்டுத் தருவது காட்டுவதாகாது. ஒரு வாரமாவது வேண்டும், குலைக்கவும் அனுமதி வேண்டும். கிளையன்ட்டின் ரகசியம் இருக்கிறது என்றால் அந்த வரிகளைக் கறுப்படித்துவிட்டுக் கொடுங்கள், என் வேலையைப் பற்றிய வரிகளில் ரகசியம் ஏது? எச்-1பியில் எல்சிஏ (சம்பளத்தையும் வேலை நிபந்தனைகளையும் சொல்லி நிறுவனம் அமெரிக்கத் தொழிலாளர் துறையிடம் தரும் விண்ணப்பம்) நகலை ஆள் வேலையில் சேரும் நாளுக்குள் அவர் கையில் கொடுத்தாக வேண்டும் என்று அமெரிக்க விதியே இருக்கிறது. கொடுத்து எந்த நிறுவனமும் முழுகிப்போகவில்லை. எல்-1க்கு அப்படி ஒரு விதி இல்லை என்பதால் கொடுக்கக்கூடாது என்று ஆகிவிடுமா? முன்பு மறுக்கப்பட்டவர் என்றால் பழைய மனுவையும் சேர்த்துக் கொடுங்கள், அவர் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரம் ஆகும். நான் தரையில் பரப்பி வைத்துத் தனியாகச் செய்ததற்கே ஒன்றரை மணி நேரம்தான் ஆயிற்று.

அப்புறம் அந்த மாக் இன்டர்வியூ. ஒருவருக்கு ஒரு சொல்லை மனப்பாடம் பண்ணச் சொல்லாதீர்கள். அவர் என்ன வேலை செய்கிறார் என்று கேளுங்கள், அவர் சொல்வதும் கடிதமும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகவில்லையென்றால் ஆளைத் திருத்தாதீர்கள், கடிதத்தைத் திருத்துங்கள். மறுப்பு வந்து திரும்பிய ஆளிடம் 'ரீசன் என்ன' என்று மெயிலில் கேட்பதற்குப் பதில், அன்றைக்கே போன் போட்டு, என்ன கேட்டார்கள், என்ன சொன்னீர்கள் என்று வரி வரியாக எழுதி வாங்குங்கள். பிரிவின் எண் மட்டும் இருக்கிற அந்தத் தாளை வைத்துக்கொண்டு அடுத்த மனுவை யாராலும் எழுத முடியாது. ஒரு மாதம் கழித்துக் கேட்டால் எங்களுக்கும் நினைவிருக்காது; பாதி நினைவு, பாதிக் கோபம் என்று ஏதோ ஒன்றைச் சொல்லுவோம்.

எல்லாரும் இப்படி இல்லை என்று தெரியும். எனக்கு அந்த ஸ்கேனை அனுப்பியவரும் உங்களில் ஒருவர்தானே.

அந்தப் பெண்ணின் பயோமெட்ரிக் வருகிற 14ஆம் தேதி, நேர்காணல் அதற்கு நான்கு நாள் கழித்து. அவர் ஒப்புதல் அனுப்பவில்லை. ஏஜென்சியிலிருந்து இரண்டு நினைவூட்டல் வந்துவிட்டது, இரண்டாவதில் உங்கள் பெயரும் இருக்கிறது. 'ஆம்' என்று திருத்திப் படிவத்தை அனுப்பச் சொல்லுங்கள், அந்தப் படிவத்தின் எண்ணையே அப்பாயின்ட்மென்ட்டில் ஏற்றச் சொல்லுங்கள். 2023 மனுவின் நகலையும் அவருக்கு அனுப்பிவிடுங்கள். அப்பா பெயரில் விட்டுப்போன அந்த ஓர் எழுத்தையும் மறந்துவிட வேண்டாம்.

இப்படிக்கு,
2022-ல் மூன்று வாரம் என்று சொன்னவன்